காசு கேட்டால் பனியன்

பறவைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் அலகைச் சொல்வார்கள். மாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் கொம்பைச் சொல்வார்கள். இங்கே சொல்லப்போகும் இனத்துக்கு அடையாளம் இடுப்பு. அங்கே நாலு விரல் அகலத்தில் பச்சையாக ஒரு பெல்ட் இருக்கும். முன்பக்கம் மூன்று பை, மூன்றுக்கும் அழுத்துப் பொத்தான், திறந்தால் பொட்டு வெடி மாதிரி ஒரு சத்தம். வேட்டி நழுவினாலும் நழுவும், பெல்ட் நழுவாது. இந்தப் பிராணிக்கு நாம் பெல்ட் தகப்பன் என்று பெயர் வைப்போம்.

கஞ்சன் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். கஞ்சன் வேறு, இது வேறு. பெல்ட் தகப்பன் அவிநாசித் தேருக்கு வடம் வாங்கிக் கொடுப்பான், எந்தக் கட்சிக்காரன் வந்து நோட்டை நீட்டினாலும் முகம் கோணாமல் நன்கொடை எழுதுவான், உறவில் ஒரு கல்யாணம் என்றால் மொய் எழுதுமிடத்தில் முதல் ஆளாக நிற்பான், வீட்டுக்கு ஒறம்பரை என்று விருந்தாளி வந்துவிட்டால் கோழி பறக்கும், ஆடு கத்தும், ஆனால் தானே அலைந்து இடம் வாங்கி, தானே ரயிலேற்றி, தானே யுனிவர்சிட்டிக்கு அனுப்பிவைத்த சொந்த மகன் லீவுக்கு வந்து எதிரே நின்று "அப்பா" என்று வாயைத் திறந்தால் போதும்.

"எதுக்கு?"

அவ்வளவுதான். பிள்ளை அடுத்துச் சொல்ல வந்தது "உங்க காலுக்கிட்டப் பாம்பு" என்பதாகக்கூட இருக்கலாம். அதற்கெல்லாம் காத்திருக்கிற வழக்கம் இந்த இனத்தில் இல்லை. வலது கை தானாகப் போய்ப் பெல்ட்டின் மேல் படியும், அடைகாக்கிற கோழி முட்டையின் மேல் படிகிற மாதிரி. அதற்குப் பிறகு மந்திரம் வரும்.

"எல்லாம் உனக்குத்தான கண்ணு!"

நன்றாகக் கவனியுங்கள். கம்பெனி உனக்கு. மெஷின் உனக்கு. காங்கேயம் ரோட்டிலிருக்கிற தென்னந்தோப்பு உனக்கு. நான் கண்ணை மூடினால் இந்தப் பெல்ட்டே உனக்கு. இப்போது நீ கேட்கிற இரண்டு ரூபாய் மட்டும் உனக்கு இல்லை. இதில் என்ன குழப்பம்?

இந்த இனத்தின் சுத்தமான மாதிரி ஒன்று வேண்டுமென்றால், நாலணாவை இருபத்தைந்து பைசா என்று சர்க்கார் மாற்றிவிட்ட பிறகும் ஜனங்கள் நாலணா என்றே சொல்லிக்கொண்டிருந்த அந்தக் காலத்துத் திருப்பூருக்குப் போகவேண்டும். அங்கே 'சேவற்கொடி மார்க்' பனியன் கம்பெனி முதலாளி கிட்டுசாமி இருந்தார். குன்னத்தூர்ப் பக்கம் கடலைக்காடு ஓட்டிக்கொண்டிருந்த குடும்பம். நாலு நிட்டிங் மெஷின் போட்டு, பிறகு எட்டாக்கி, பனியனின் பிடரியில் ஒரு சிவப்புச் சேவல் லேபிளைத் தைத்துத் திருச்சி, தஞ்சாவூர், சிதம்பரம் வரைக்கும் சேவலைக் கூவ வைத்தவர். குளிக்கப் போனால் பெல்ட்டைக் கிணற்றடி ஆணியில், கண்ணுக்கு எதிரே, மாட்டிவிட்டுத்தான் தலையில் தண்ணீர் ஊற்றுவார். முகத்துக்குச் சோப்பு போட்டதே கிடையாது. கண்ணை மூடவேண்டியிருக்குமே!

அவர் மனைவி ரங்காத்தாள் இதைப் பற்றி அக்கம்பக்கத்தில் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவாள்.

"நான் வாக்கப்பட்டு வாரப்பவே அந்தப் பெல்ட்டு இந்த ஊட்டுல இருந்துதுங்க. எனக்கு மூத்தவ அவதான்."

ரங்காத்தாள் மட்டும் என்ன லேசுப்பட்டவளா? துவரம்பருப்புப் பானைக்குள் அவள் சிறுகச் சிறுகச் சேர்த்த சிறுவாட்டுக் காசு இருந்தது. அந்த வீட்டில் பருப்பு அள்ளும்போது அடியில் கை விட்டு எவ்வளவு ஆழம் போகலாம் என்பதற்கு ஒரு எல்லை இருந்தது. மகன் ஒருமுறை ஜாடையாகக் கேட்டதற்கு, "அது உன்ற கண்ணாலத்துக்குச் சாமி" என்றாள். ஆக, அப்பாவிடம் இருப்பது எல்லாம் மகனுக்கு, அம்மாவிடம் இருப்பதும் எல்லாம் மகனுக்கு. இவ்வளவு பெரிய பணக்காரப் பிள்ளை, படிக்கப் போன சிதம்பரத்தில், செருப்பு அறுந்தால் காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தான்.

அவன் பெயர் ஈஸ்வரமூர்த்தி. குடும்பத்தில் பெரிய படிப்புக்கு முதலில் போனவன். அவன் யுனிவர்சிட்டிக்குப் புறப்படுவதற்கு முன்பே கைச்செலவு என்ற பிரச்சினை வந்துவிட்டது. காலேஜ் ஃபீஸ், சாப்பாட்டு ஃபீஸ் இரண்டையும் கிட்டுசாமியே நேராக ஆபீசுக்கு மணியார்டர் செய்துவிடுவதாக ஏற்பாடு. நடுவில் மகன் கை எதற்கு?

"கைச்செலவுன்னு கொஞ்சம் வேணுமுங்கப்பா" என்றான் மகன்.

"வாய்க்குச் செலவு இருக்குது, ஒத்துக்கறேன். வயித்துக்குச் செலவு இருக்குது. கைக்கு என்றா செலவு? அது பாட்டுக்குத் தொங்கீட்டுக் கெடக்குது."

"முடி வெட்டோணுமுங்க. சோப்பு வாங்கோணும். எப்பவாச்சும் ஒரு டீ குடிக்கோணும்..."

"கையில காசிருந்தாக் கெட்டுப் போயிருவ கண்ணு. மொதல்ல டீ, அப்பறம் சிகரெட்டு, அப்பறம் சினிமா, அப்பறம் எலக்சன்ல நிப்ப."

கிட்டுசாமி யோசித்தார். திருப்பூரில் ஒருவர் யோசித்தால் கடைசியில் அது பனியனில்தான் வந்து நிற்கும். கம்பெனியில் செகண்ட்ஸ் என்று ஒன்று உண்டு. ஊசி ஒரு கண்ணி விட்டிருக்கும், எங்கோ மிளகு அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கும், தையல் கொஞ்சம் கோணியிருக்கும். அதைத் தனியாக ஒதுக்கி, லேபிளை வெட்டி எடுத்துவிட்டு, சந்தைக் கடைக்காரர்களுக்குக் குறைந்த விலைக்குத் தள்ளுவார்கள். லேபிளை வெட்டுவது முக்கியம். வெட்டாவிட்டால் ஓட்டைப் பனியனும் நல்ல பனியனும் ஒரே சேவலைச் சுமந்துகொண்டு திரியும், நல்ல பனியனின் விலை கெட்டுவிடும். திருப்பூரில் பால்குடி மறக்காத குழந்தைக்கும் தெரிந்த சமாசாரம்.

"ஒரு கட்டு செகண்ட்ஸ் கொண்டு போ" என்றார். "வேணுங்கறப்ப ஒண்ண வித்துக்க. தலைமுடி வெட்டறவன் பனியன் போடாமயா இருப்பான்? காசோட அருமையும் தெரியும், தொழிலும் கத்துக்குவ. பனியனக் குடுத்துச் சினிமாப் பாக்க முடியாது பாரு, அதுதான் இதுல இருக்கற சூட்சுமம்."

கம்பெனி மேஸ்திரி சென்னியப்பன் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தான். "லேபிள வெட்டீரட்டுங்களா மொதலாளி?"

கிட்டுசாமிக்குச் சுருக்கென்றது. சொந்த மகன், யுனிவர்சிட்டியில் நாலு பெரிய மனிதர் பிள்ளைகள் நடுவில், அநாதைப் பனியன் விற்பதா?

"வேண்டாம் போ. கௌரவக் கொறச்சல்."

இங்கேதான் வாசகர்களே, மனிதர் சறுக்கினார். இருபது வருஷத் தொழிலில் செய்யாத தப்பை மகன்மேல் உள்ள பெருமையால் செய்தார். காசு கொடுத்து மகனைக் கெடுத்த தகப்பன்மார் உண்டு. பெருமையைக் கொடுத்துக் கம்பெனியைக் கெடுத்தவர் இவர் ஒருவர்தான்.

முதல் வருஷம் அமோகமாகப் போயிற்று. ஈஸ்வரமூர்த்தி காசு கேட்கவே இல்லை. லீவுக்கு வந்தால் ரங்காத்தாள் கட்டிவைத்த கடலைக்காயையும் தேங்காயெண்ணெயையும் எடுத்துக்கொள்வான், பனியன் கட்டைத் தோளில் போட்டுக்கொள்வான், போய்விடுவான். சனிக்கிழமை சாயங்காலம் ஆட்களுக்கு வாரச் சம்பளம் பட்டுவாடா முடிந்ததும் மற்ற பெல்ட் தகப்பன்மார் கம்பெனி வாசலில் கூடுவார்கள். அந்தச் சபையில் கிட்டுசாமி நிமிர்ந்து உட்காருவார்.

"நம்ம பையன் சவுக்கியமுங்களா? மாசம் எவ்வளவு அனுப்பறீங்க?"

"காசா? கையில குடுக்கறதே இல்லீங்க. போன தடவ கை வெச்ச பனியனாக் குடுங்கன்னு கேட்டான். வாடிக்க புடிச்சிட்டான் போலிருக்குது!"

தகப்பன்மார் உச்சுக்கொட்டினார்கள். சேவூரிலிருந்து வந்த ஒருவர், எண்ணெய்ச் செக்கு வைத்திருப்பவர், தம் மகனுக்கும் இனிமேல் புண்ணாக்குக் கொடுத்தனுப்பலாமா என்று யோசிக்க ஆரம்பித்தார்.

இரண்டாவது வருஷம் முடிகிற சமயம், ஈஸ்வரமூர்த்தி ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான்.

"அப்பா..."

"எதுக்கு?"

"பரீச்ச ஃபீஸ் கட்டோணுமுங்க. வர்ற திங்கக்கெழம கடைசி நாளு. கட்டலீன்னா பரீச்சைக்கு உக்கார உட மாட்டாங்க. ஒரு வருசம் போயிருமுங்க."

கிட்டுசாமி சிரித்தார். மகனுடைய வெகுளித்தனத்தைப் பார்த்து அல்ல, தந்திரத்தைப் பார்த்து. ஃபீஸ் என்று பிள்ளை கேட்டால் சினிமா என்று அர்த்தம், இது சனிக்கிழமைச் சபையில் ஏகமனதாக முடிவான விஷயம்.

"காலேஜுக்கு ஃபீஸ் கட்டியாச்சல்ல?"

"கட்டியாச்சுங்க. இது பரீச்சைக்கு."

"மாடு வாங்குனவன் பால் கறக்கறதுக்குத் தனியாக் காசு குடுப்பானா? பரீச்ச எழுதறது ஆரு?"

"நானுங்க."

"மூணு மணி நேரம் உக்காந்து கை நோவ எழுதறது நீயி. வேல செஞ்சவனுக்கு அவன் கூலி குடுப்பானா, அவனுக்கு நீ கூலி குடுப்பியா? நம்ம கம்பெனியில எவனாச்சும் தெச்சுப்போட்டுட்டு எனக்குக் காசு குடுத்துட்டுப் போறானா?"

இரண்டு வருஷம் யுனிவர்சிட்டியில் படித்த மூளையை ஈஸ்வரமூர்த்தி வேறு பக்கம் திருப்பினான்.

"அப்ப நீங்களே ஆபீசுக்கு மணியார்டர் பண்ணீருங்கப்பா. என்ற கையில வேண்டாம்."

"மறுக்காவும் மணியார்டர்க் கமிசன் ஆரு குடுக்கறது? வெட்டியா?" என்றார் கிட்டுசாமி. "ஃபீசுக்குப் பதலாப் பனியன் வாங்கிக்க மாட்டாங்களா?"

"யுனிவர்சிட்டி ஆபீசுல பனியன் வாங்க மாட்டாங்கப்பா!"

"கேட்டுப் பாத்தியா?"

மகன் கேட்டுப் பார்க்கவில்லை. அதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. கிட்டுசாமி வெற்றியோடு சென்னியப்பனைக் கூப்பிட்டார். இந்த முறை கட்டு அல்ல, மூட்டை. இரண்டு பேர் சேர்ந்து ஜட்காவில் ஏற்றினார்கள். "ஃபீசுக்குப் போக மிச்சமே வரும், சோப்பு வாங்கிக்க. எல்லாம் உனக்குத்தான கண்ணு!" ஈஸ்வரமூர்த்தி அம்மாவைப் பார்த்தான். ரங்காத்தாள் பருப்புப் பானையைப் பார்த்தாள். பிறகு மகன் கையில் இன்னொரு பொட்டலம் கடலைக்காயைத் திணித்தாள்.

அந்தச் சனிக்கிழமையே, பட்டுவாடா நடுவில், சிதம்பரத்து ஏஜெண்ட் வைத்திலிங்கம் பிள்ளை வேர்க்க விறுவிறுக்க வந்து இறங்கினார். அந்த ஊரில் சேவற்கொடி பனியன் விற்கிற உரிமை அவர் ஒருவருக்குத்தான்.

"என்னங்க அநியாயம் இது! எனக்குத் தெரியாம இன்னொரு ஏஜெண்ட் போட்டிருக்கீங்களே, நல்லா இருக்கா?"

"இன்னொரு ஏஜெண்டா? ஆரு சொன்னது?"

"ஊரே சொல்லுது. போன வாரம்வரைக்கும் அங்கொண்ணு இங்கொண்ணு வித்தான், பொறுத்துக்கிட்டேன். இந்த வாரம் மூட்டையாக் கொண்டாந்து கொட்டிட்டான். அசல் லேபிளு, அதே சேவல். என் கடையில ரெண்டு ரூபா, அங்க எட்டணாவுக்கும் வாங்க ஆளில்ல. எனக்கு இந்த ஏஜென்சியே வேணாங்க. எடுத்துக்குங்க."

கிட்டுசாமிக்குக் கண் சிவந்தது. சிதம்பரத்தில் விலை விழுந்தால் மாயவரத்தில் தெரியும், மாயவரத்தில் தெரிந்தால் கும்பகோணத்தில் கேட்பான்.

"என்ற லேபிளத் திருடி விக்கற தெல்லவாரி எவன்னு பாக்கறேன். போலீஸ்ல புடிச்சுக் குடுத்துட்டுத்தான் மறு சோலி!"

உங்களுக்குப் புரிந்துவிட்டது. சென்னியப்பனுக்குப் புரிந்து, அவன் கத்தரிக்கோலை எடுத்து மறைத்துக்கொண்டான். சம்பளம் வாங்க நின்றவர்களுக்கெல்லாம் புரிந்துவிட்டது. புரியாதவர் ஒருவர்தான். இடுப்பில் பெல்ட் இறுக்கமாக இருந்தால் தலைக்கு ரத்தம் ஏறுவது கொஞ்சம் தாமதம்.

பனியனை மொத்தமாக விலைக்கு வாங்கி எரித்தாவது மார்க்கைக் காப்பாற்றவேண்டும் என்று பெல்ட்டின் மூன்று பையையும் நிரப்பிக்கொண்டு கிளம்பினார். ஈரோட்டில் ஒரு வண்டி மாறி, திருச்சியில் ஒரு வண்டி மாறி, திங்கட்கிழமை காலை சிதம்பரத்தில் வைத்திலிங்கம் பிள்ளையோடு இறங்கினார். ஸ்டேஷன் வாசலில் குதிரை வண்டிக்காரன் பிடரியில் சிவப்புச் சேவல். கிட்டுசாமிக்கு ஒரு கணம் நெஞ்சு விம்மியது. சைக்கிள் கடைக்காரன் பிடரியில் சேவல். கீரை விற்கிறவன் பிடரியில் சேவல். யுனிவர்சிட்டி காவல்காரன் சல்யூட் அடித்துவிட்டுத் திரும்பினால் அவன் பிடரியிலும் சேவல், தோளில் மிளகு அளவு ஓட்டை. விம்மிய நெஞ்சு அந்த ஓட்டை வழியாகக் காற்று இறங்கிப் போயிற்று.

பிள்ளை அவரை ஒரு டீக்கடைக்குக் கூட்டிப் போனார். எதிரே யுனிவர்சிட்டி ஆபீஸ். கடைக்காரர் கலியபெருமாள், பெரிய மீசை, உள்ளே சேவல். கடைப் பலகையில் சாக்கட்டியால் எழுதியிருந்தது: 'டீ இரண்டு, ஒரு பனியன்.' அதை அடித்துவிட்டு, 'டீ ஒன்று, ஒரு பனியன்.'

"இது என்னுங்க கணக்கு?" என்றார் கிட்டுசாமி.

"அதை ஏன் கேக்குறீங்க. இந்தப் பக்கம் இப்ப இதாங்க காசு. முடி வெட்ட ஒண்ணு, சைக்கிள் வாடகைக்குக் குட்டிப் பனியன் ஒண்ணு. போன வாரம்வரைக்கும் ஒரு பனியனுக்கு ரெண்டு டீ குடுத்தேன். அந்தத் தம்பி ஒரு மூட்டையக் கொண்டாந்து எறக்கினாரு பாருங்க, மதிப்பே போயிடுச்சு."

"சினிமா?" என்றார் கிட்டுசாமி.

"டூரிங் டாக்கீஸ்ல டிக்கெட் கிழிக்கிறவரு கை வெச்ச பனியன்தான் வாங்குவாரு. கொஞ்சம் கிராக்கி புடிச்ச ஆளு."

"ஆருங்க அந்தத் தம்பி?"

"திருப்பூர்ப் புள்ளைங்க. தங்கமான புள்ள. அப்பா பெரிய மொதலாளியாம், கையில காசே குடுக்க மாட்டாராம்." கலியபெருமாள் குரலைத் தாழ்த்தி நெற்றியைத் தட்டிக் காட்டினார். "அந்தத் தம்பி வெளியில சொல்லிக்கல. அப்பாருக்கு இங்க கொஞ்சம் சரியில்லன்னு நாங்களாப் புரிஞ்சுக்கிட்டோம். குடும்ப விஷயம்."

வைத்திலிங்கம் பிள்ளை திடீரென்று டீயில் மிதந்த ஆடையை மிகுந்த கவனத்தோடு பார்க்கத் தொடங்கினார்.

பெல்ட் தகப்பன் இந்த இடத்தில் என்ன செய்வான் என்று நினைக்கிறீர்கள்? வெட்கப்படுவான் என்கிறீர்களா? இனத்தை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. கிட்டுசாமிக்கு மகன் ஒரு நொடிதான் கண்ணில் தெரிந்தான், பிறகு மார்க் தெரிந்தது. அவர் எழுந்து நின்றார். இடுப்பில் பொட்டென்று ஒரு சத்தம். முதல் பை திறந்தது.

"சேவற்கொடி மார்க் எல்லாத்தையும் நான் வாங்கிக்கறேன். கடை வெல. ரெண்டு ரூபா. ஓட்டையோ ஒழுகலோ, கொண்டாங்க!"

"பாதி ஓட்டைங்க!" என்று பதறினார் பிள்ளை.

"ஓட்டையும் என்றதுதான்!"

செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. நாவிதர் பெட்டி நிறையக் கொண்டுவந்தார். சைக்கிள் கடைக்காரன் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தான். கையில் இல்லாதவர்கள் உடம்பில் இருந்ததையே கழற்றினார்கள். காவல்காரன் உத்தியோகத் தொப்பியை மட்டும் வைத்துக்கொண்டு வெற்றுடம்போடு வரிசையில் நின்றான். டூரிங் டாக்கீஸ்காரர் கை வைத்ததற்கு நாலணா அதிகம் கேட்டு வாங்கினார். கலியபெருமாளே ஒரு குவியல் விற்றார். கீரைக்காரனுக்குக் காசு, வண்டிக்காரனுக்குக் காசு, முன்பின் தெரியாதவனுக்கெல்லாம் பச்சை பெல்ட்டிலிருந்து நோட்டு நோட்டாகக் காசு. இரண்டாவது பையும் காலியாயிற்று. எதிரே ஆபீஸ் ஜன்னலில் இன்னொரு வரிசை. பிள்ளைகள் காசைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

பரீச்சை ஃபீஸ் என்பது நிஜமாகவே இருக்கிறது என்று கிட்டுசாமிக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை பேர் ஒன்றாகச் சேர்ந்து சினிமாவுக்குப் போக மாட்டார்களே.

பனியன் வரிசையின் கடைசியில், தோளில் அரை மூட்டையோடு, மூச்சிரைக்க ஒருவன் வந்து நின்றான். ஒரு காலில் அறுந்த செருப்பு.

"அப்பா..."

"எதுக்கு?"

வாய் முந்திக்கொண்டது. கலியபெருமாளின் கையில் ஆற்றிக்கொண்டிருந்த டீ அந்தரத்தில் ஒரு கணம் நின்று, பிறகு கீழே விழுந்தது. "அய்யா... அந்த அப்பாரு... நீங்கதானா?"

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். எல்லோரும் கிட்டுசாமியின் நெற்றியை அனுதாபத்தோடு பார்த்தார்கள்.

"பனியன் விக்கறதுக்குங்க" என்றான் ஈஸ்வரமூர்த்தி. "ஆரோ ஒருத்தர் ரெண்டு ரூபாய்க்கு வாங்கறாருன்னாங்க. நீங்கன்னு தெரியாதுங்க. என்றதையும் வாங்கீட்டீங்கன்னா ஃபீஸ் கட்டீருவனுங்க. மணியடிக்கப் போறாங்க, ஜன்னலச் சாத்தீருவாங்க."

"என்ற சரக்க எனக்கே விக்கறயா? ஒலகத்துல எங்காச்சும் உண்டா?"

"அப்பக் காசாவே குடுத்துருங்கப்பா."

கிட்டுசாமியின் கை மூன்றாவது பைக்குப் போயிற்று. பொட்டென்று பொத்தான் விட்டது. வெற்றுடம்பு வரிசை முழுவதும் கழுத்தை நீட்டிற்று. உள்ளே ரயில் சார்ஜுக்கு மேலும் இருந்தது, ஃபீசுக்குப் போதுமான அளவு இருந்தது. விரல் நோட்டைத் தொட்டது. தொட்டது, பாதி வெளியே வந்தது, மகனுடைய கை நீண்டது. அந்தக் கையைப் பார்த்தார் கிட்டுசாமி. வெறும் கை. இதில் காசு விழுந்தால் மொதல்ல டீ, அப்பறம் சிகரெட்டு, அப்பறம்...

நோட்டு உள்ளே போயிற்று. பொத்தான் மூடிற்று.

"எல்லாம் உனக்குத்தான கண்ணு..." என்றார். இந்தத் தடவை குரலில் அவ்வளவு தெம்பில்லை.

ஆபீஸ் பியூன் மணியடிக்கிற கட்டையைக் கையில் எடுத்துவிட்டான். அப்போது கலியபெருமாள் கல்லாவிலிருந்து ஒரு கை காசை அள்ளி ஈஸ்வரமூர்த்தியின் சட்டைப் பையில் போட்டார்.

"ஓடுங்க தம்பி. அப்பா குடுத்ததா நெனைச்சுக்குங்க."

ஈஸ்வரமூர்த்தி மூட்டையை அங்கேயே போட்டான். அறுந்த செருப்பையும் போட்டான். ஓடினான். ஜன்னல் பலகை பாதி இறங்கியபோது உள்ளே கையை நீட்டிவிட்டான்.

"ஏனுங்க, அவன் திருப்பிக் குடுக்கலீன்னா?" என்று கேட்டார் கிட்டுசாமி, உண்மையாகவே கவலைப்பட்டு.

"குடுத்தாக் குடுக்கட்டும், இல்லாட்டிப் போவுது. காலையிலேர்ந்து கையில காசு பொரளுதுங்க. கையில காசிருந்தா மனுசன் கொஞ்சம் கெட்டுத்தான் போயிடறான்" என்றார் கலியபெருமாள்.

திருப்பூருக்கு அவர் சிதம்பரத்துப் பனியன் மலையோடு திரும்பினார். மறுநாள் காலை சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் ரங்காத்தாளிடம் பெருமையாகவே ஆரம்பித்தார்.

"மார்க்கும் தப்பிச்சுது, பையன் ஃபீஸும் கட்டியாச்சு. அவன் கையில ஒத்தப் பைசா குடுக்கலியே நானு!"

"அப்பறம் ஆருங்க கட்டுனா?"

"அங்கொரு டீக்கடைக்காரரு."

ரங்காத்தாள் குழம்புக் கரண்டியோடு நின்றாள். "சரிங்க. நாளைக்குக் கண்ணாலப் பத்திரிகை அடிக்கறப்பத் தகப்பன் பேரு எடத்துல ஆரு பேருங்க போடறது? அவரு பேரு என்னுங்க?"

கிட்டுசாமி வட்டிலைத் தள்ளி வைத்தார். "ஏன், உன்ற பருப்புப் பானையில இருக்கறதக் குடுத்துவுட்டிருக்கலாமல்ல? அப்பத் தாய் பேரு எடத்துலயும் அவரு ஊட்டுக்காரி பேரத்தான் போடோணும்!"

ரங்காத்தாள் உள்ளே போனாள். பானை மூடி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு மூடி திரும்ப மூடுகிற சத்தம் கேட்டது.

ஆனால் கிட்டுசாமி மானஸ்தர். டீக்கடைக்காரர் கொடுத்த காசில் தம் மகன் பரீச்சை எழுதுவதா? சேதி சனிக்கிழமைச் சபைக்கு எட்டினால் என்ன ஆகும்? பாதிச் சாப்பாட்டில் எழுந்தார், கை கழுவினார், பெல்ட்டில் கை வைத்தார். பொட்டென்று சத்தம் வரும் என்று அடுக்களையில் ரங்காத்தாள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"சென்னியப்பா!" என்ற சத்தம்தான் வந்தது. "செகண்ட்ஸ்ல முப்பத்தாறு இஞ்சா ஒரு மூட்டை கட்டு. சிதம்பரத்துக்கு. கலியபெருமாள், டீக்கடை."

"லேபிள வெட்டீரட்டுங்களா மொதலாளி?"

கிட்டுசாமி யோசித்தார். மகனுக்கு அவ்வளவு பெரிய உபகாரம் செய்த மனுஷர்.

"வேண்டாம் போ. கௌரவக் கொறச்சல்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். உங்களிடம் பச்சை பெல்ட் இல்லை, பனியன் கம்பெனி இல்லை, நீங்கள் திருப்பூர்ப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை, கடல் தாண்டி எங்கோ நாகரிகமான தேசத்தில் நாகரிகமான பர்ஸோடு இருக்கிறீர்கள். உங்கள் பிள்ளைக்கு நீங்கள் எதிலும் குறை வைத்ததில்லை, எல்லாம் அவனுக்குத்தான். சரி. இப்போது அடுத்த அறையிலிருந்து அவன் "அப்பா" என்று கூப்பிட்டால், வாயிலிருந்து முதலில் என்ன வருகிறது என்றும், வலது கை எங்கே போகிறது என்றும் தயவுசெய்து பாருங்கள்.

அப்படியே காலடியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாம்பாக இருக்கலாம்.